கண்ணுக்கு வச்ச பொட்டு

சிஷ்யனுக்கு அம்பத்தெட்டு வயசு. குருவுக்கு முப்பத்தஞ்சு இருக்கும். ஆசிரமம்னு சொன்னா, மேலப்பாளையத்துல ஒரு டிரைவிங் ஸ்கூல்.

சிஷ்யன் எங்க அத்தான் ஆவுடையப்பன். எங்க அக்கா பேச்சியம்மாளக் கெட்டுனவரு. குரு, சபுரா டீச்சர். நான் பின்சீட்டு. எனக்கு அங்கன வேலை ஒண்ணும் கெடையாது, வாய் மட்டும் உண்டு.

அத்தான் லைசென்சு வாங்குன கையோட புதுசா ஒரு காரு எடுத்தாரு. அதுக்குக் கண்ணு உண்டு. முன்கண்ணாடி உச்சியில ஒரு கேமரா. மூஞ்சியில கம்பெனி முத்திரைக்குப் பின்னால இன்னொண்ணு. கோட்டத் தாண்டுனா 'டிங் டிங்'னு சொல்லும். முன்னால யாராச்சும் வந்து விழுந்தா 'கீ கீ கீ'ன்னு கத்திக்கிட்டு அதுவே பிரேக்கும் போடும். அந்தச் சத்தத்த நான் வாயால அப்படியே போடுவேன். அத்தான் ஏமாந்து காலியான ரோட்டுல பிரேக்க மிதிச்சிருக்காரு.

ஆனா நம்மூரு ரோட்டுல அது பாடு திண்டாட்டம். கோடு இல்லாத எடத்துல ஊமையா வரும். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சா விடாம கத்தும். மாட்டுக்கு ஒரு கீ, ஷேர் ஆட்டோவுக்கு ஒரு கீ, பந்தல்கால் தூக்கிட்டுப் போறவனுக்கு ரெண்டு கீ.

லைசென்சு வந்த பெறவும் அத்தானுக்கு டவுனுக்குள்ள ஓட்டப் பயம். அதனால டீச்சர் பக்கத்துல உக்காந்து வருவாக. அதிகம் பேச மாட்டாக. ஒரே ஒரு மந்திரம்தான்.

"கால், அண்ணாச்சி."

கால் பிரேக்குகிட்ட இருக்கணும்னு அர்த்தம். காரு 'கீ'ங்கும், டீச்சர் 'கால்'ம்பாக, அத்தான் 'சரி'ம்பாரு. பின்னால உக்காந்து மூணு குரலையும் நானே பேசிக்கிட்டு வருவேன்.

இவ்வளவு பாடும் கோமுவுக்காக. அத்தானுக்கு ஒத்தப் பிள்ள. கல்லிடைக்குறிச்சியில கெட்டிக் குடுத்திருக்கு. வளைகாப்பு முடிஞ்சு போச்சு. விஜயதசமி அன்னைக்குப் பேறுகாலத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சம்பந்தி வீட்டுல நாள் சொல்லிட்டாக. எம் பிள்ளைய வாடகை வண்டியில ஏத்த மாட்டேன், நானே ஓட்டிப் போயிக் கூட்டிட்டு வருவேன்னு அத்தான் ஒத்தக் கால்ல நிக்காரு.

அதுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால, ஒரு சின்னப் பிள்ள பலூன் பின்னாலயே ரோட்டுக்குள்ள ஓடி வந்துட்டு. அத்தான் பாக்கவே இல்ல. காரு பாத்துட்டு. கத்துனதும் நின்னதும் ஒண்ணுபோல. பிள்ள பலூனப் பிடிச்சிக்கிட்டு எங்களப் பாத்துச் சிரிக்கு.

அத்தான் வண்டிய ஓரங்கட்டுனாரு. ஸ்டியரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

"டீச்சரம்மா, எல்லாத்தையும் இதுவே பாத்துக்கிடுதே. பெறவு நான் எதுக்கு?"

"அந்தக் கேள்வியப் பத்திரமா வச்சிக்கிடுங்க, அண்ணாச்சி. கால்."

ஆயுத பூஜை வந்துச்சு. அத்தான் காரக் குளிப்பாட்டுன மாதிரி மாப்பிள்ளையக் கூடக் குளிப்பாட்டிருக்க மாட்டாக. அக்கா ஒரு கிண்ணம் நெறையச் சந்தனம் கொழச்சிக் கொண்டாந்தா.

"எந்தக் கண்ணு அந்தப் பச்சப் பிள்ளையக் காப்பாத்துச்சு?"ன்னு கேட்டா.

அத்தான் காட்டுனாரு. முன்கண்ணாடி உச்சியில பட்டையா விபூதி பூசி, நடுவுல குங்குமம். மூஞ்சி முத்திரையில சந்தனம், தோசை மாதிரி. அதுக்கு மேல சாமந்தி மாலை, கதம்பம். அக்கா கையெடுத்துக் கும்புட்டுட்டு, "நல்லாருப்பா"ன்னு காரப் பாத்துச் சொன்னா. கண்ணு கலங்கிட்டு அவளுக்கு.

மறுநாள் காலையில கெளம்புனோம். முன்னால அத்தான், அக்கா. பின்னால நான். மேலப்பாளையத்துல டீச்சரையும் ஏத்திக்கிட்டு அம்பாசமுத்திரம் ரோட்டப் பிடிக்கணும். சாவியப் போட்டதும் டிஸ்பிளேயில மஞ்சளா ஒரு வெளக்கு எரிஞ்சி இங்கிலீசுல என்னமோ எழுத்து ஓடுச்சு.

"என்ன மாப்ள சொல்லுது?"

"பூஜைய ஏத்துக்கிட்டேன்னு சொல்லுது அத்தான்."

"அப்படித்தான் இருக்கும்."

ரோடு பூராவும் ஒடைச்ச பூசணிக்காய். கடைக்குக் கடை ஒண்ணு. எங்களுக்கு முன்னால ஒரு பூக்காரரு பைக்குல போனாரு, பின்னால கூடையக் கெட்டிக்கிட்டு. பூசணிச் சதையில டயரு ஏறுச்சு. வண்டி ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம், அவரு நடு ரோட்டுல.

அத்தான் பாத்துட்டாரு. நானும் பாத்துட்டேன். ரெண்டு பேரும் 'கீ கீ'க்குக் காத்துக்கிட்டு இருக்கோம்.

காரு வாயத் தொறக்கல.

அக்கா "ஏங்க"ன்னா. அவ்வளவுதான் கேட்டுச்சு. நான் முன்சீட்டு முதுகுல போயி மூஞ்சிய மோதுனேன். நிமுந்து பாத்தா வண்டி நின்னுட்டு. அந்த மனுசன் தலைக்கும் நம்ம டயருக்கும் ஒரு முழம்.

எறங்கி ஓடுனோம். முழங்கையில செராய்ப்பு, வேற ஒண்ணும் இல்ல. பைக்கத் தூக்கி விட்டோம். பூவ அள்ளிக் கூடையில போட்டோம். அவரு அத்தான் கையப் பிடிச்சிக்கிட்டு, "நீங்க நல்லாருக்கணும் அண்ணாச்சி, வீட்டுல ரெண்டு பொம்பளப் பிள்ளைக"ன்னு கும்புட்டாரு. அத்தான் கைய உருவிக்கிட்டு வந்து வண்டியில ஏறுனாரு.

டீச்சர் வாசல் வரைக்கும் வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்துச்சு.

டீச்சர் வெளிய வந்தாக. அத்தான் எறங்கி சாவிய நீட்டுனாரு.

"இனி நான் ஓட்ட மாட்டேன், டீச்சரம்மா. கோமுவுக்கு வாடகைக் காரு சொல்லிருங்க."

"என்ன ஆச்சு?"

நான் சொன்னேன். பூக்காரரு குரல், அக்கா குரல் எல்லாம் போட்டுத்தான் சொன்னேன். காரு குரல் வர்ற எடத்துல ஒண்ணும் போடாம நிறுத்துனேன். அங்க யாரும் சிரிக்கல.

டீச்சர் முன்பக்கம் வந்து பாத்தாக. மாலையத் தூக்கிப் பாத்தாக. உள்ள போயி ஈரத்துணி கொண்டாந்து சந்தனத்தத் தொடச்சாக. கண்ணாடியில விபூதியத் தொடச்சாக. சாவியப் போட்டாக. மஞ்ச வெளக்கு அணைஞ்சி போச்சு.

அக்காவுக்கு மொகம் சுருங்கிட்டு. "நாந்தான் கண்ண மறைச்சிட்டேனா?"

"இல்ல மதினி. அதுக்கு மழைத்தண்ணி அடிச்சாலும் மறைக்கும், சேறு அப்புனாலும் மறைக்கும். வெயிலு நேரா அடிச்சாக் கூட முழிக்கும்."

"அப்ப இதுக்குப் பொட்டே வைக்கக் கூடாதா?"

"டயருக்கு வைங்க, ஸ்டியரிங்குக்கு வைங்க. அந்த ரெண்டு எடத்த மட்டும் விட்டுருங்க."

பெறவு அத்தான் பக்கம் திரும்புனாக.

"பிரேக் யாரு போட்டது?"

"நான் போடல. காரு போடும்னு இருந்தேன். அது போடல. பெறவு..."

"பெறவு?"

"கால் தானாப் போயிட்டு."

"கால் யாருது?"

"அவருதுதான் டீச்சர், நான் சாட்சி"ன்னேன்.

அத்தான் என்னைய மொறைச்சாரு. உயிர் வந்துட்டு மனுசனுக்கு.

"அந்த ஆளு என்னையப் போயிக் கும்புடுதான், டீச்சரம்மா. போன வாரம் காரு காப்பாத்துச்சு, காரக் கும்புட்டேன். இன்னைக்குக் கால் காப்பாத்துச்சுன்னு சொல்லுதீக. ஒரு நொடி பிந்தியிருந்தா அதுவும் இல்ல. எனக்கு நெஞ்சு நெறஞ்சு கெடக்கு. நான் யாரக் கும்புட?"

டீச்சர் துணியப் பிழிஞ்சி உதறுனாக.

"அந்தப் பூசணிக்காய என்ன செஞ்சீக?"

"எது?"

"அவரு வழுக்கி விழுந்தாருல்லா, அது."

அத்தான் என்னையப் பாத்தாரு. நான் அக்காவப் பாத்தேன்.

"அங்கனதான் கெடக்கு."

டீச்சர் சாவிய அத்தான் கையில திருப்பி வச்சிட்டு, சுத்திக்கிட்டுப் போயி அந்தப் பக்கக் கதவத் தொறந்தாக. அக்கா எறங்கி எங்கூடப் பின்னால வந்தா.

"வண்டிய எடுங்க அண்ணாச்சி. மொதல்ல அதப் போயி அள்ளி ஓரமாப் போட்டுட்டு, பெறவு கோமுவக் கூப்புடப் போவோம். பின்னால வர்ற காருக்கு எந்த வீட்டுல சந்தனம் அப்பி விட்டிருக்காகளோ, யாரு கண்டா."