மூக்காயி இடிக்காத கூடு

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கடற்கழுகுகளுக்கு ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. ஆண்டுதோறும் பழைய கூட்டைப் பிய்த்துக் கடலில் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டும். கட்டி முடித்ததும் குடிபுகும் விருந்து. அக்கம்பக்கத்துக் கழுகெல்லாம் வந்து மீனைத் தின்று தீர்த்துவிட்டுப் போகும். சங்கன் என்ற கழுகு அந்த விருந்துக்காகவே வீடு கட்டினான் என்றால் பொய்யில்லை.

அவன் மனைவி மூக்காயிக்கு அந்த ஆண்டு வயிறு முன்னதாகவே கனத்துவிட்டது. கழிமுகத்து மருதமரத்தில் போன வருடக் கூடு அப்படியே இருந்தது.

"சீக்கிரம் பிரிச்சுப் போடுங்க, சுள்ளி பொறுக்கப் போகணும்" என்று அவசரப்படுத்தினாள். சங்கன் கூட்டின் ஓரத்தில் ஓர் உதை விட்டான்.

"ஐயோ மாமா, நிறுத்துங்க!"

கூட்டின் அடியிலிருந்து ஒரு தினைக்குருவிப் பெண் தலையை நீட்டினாள். ஒரு பிடிகூடத் தேறாத உடம்பு. போட்ட கூச்சலோ கரைவரைக்கும் கேட்டது. சுள்ளிகளின் இடுக்கில் புல்லைத் திணித்துக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுக் குடி வந்தே?" என்று அதட்டினான் சங்கன்.

"சும்மாதானே கெடந்துச்சு மாமா! மூக்காயி அக்கா, நீங்களாவது சொல்லுங்க. உள்ள நாலு முட்டை இருக்கு. இன்னிக்கோ நாளைக்கோ பொரிச்சுரும்."

மூக்காயி குனிந்து பார்த்தாள். மல்லிகை மொட்டுகள் மாதிரி நாலு முட்டைகள். பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வேறு மரத்தில் முதலிலிருந்து தொடங்கினால் அவள் வயிறு அதுவரை பொறுக்குமா? சங்கன் பக்கம் திரும்பினாள்.

"இடிக்க வேணாங்க. இதுக்கு மேலயே கட்டிருவோம்."

"பழைய வீட்டு மேலயா? ஊரு சிரிக்காது? பழைய வீட்டுக்கு எவனாவது விருந்து வைப்பானா?"

குருவிக்குச் சட்டென்று விஷயம் விளங்கிவிட்டது. "மேல்மாடி புதுசுதானே மாமா! பச்சைத் தழையைப் பரப்பிட்டா புதுவீட்டு வாசனை தானா வரும்."

சங்கன் யோசித்தான். வேலை பாதி, விருந்து முழுசு! அதன்பிறகு அவன் பறந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உச்சிப்பொழுதுக்குள் சுள்ளி அடுக்கியாயிற்று, புன்னைத் தழையும் பரப்பியாயிற்று.

அந்தத் தழை வாடுவதற்குள் மூக்காயிக்கு வலி கண்டுவிட்டது. பச்சை இலைமேல் வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை!

சங்கன் முட்டையையும் கீழே கழிமுகத் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். "அடியே, இடிச்சிருந்தா இது எங்க விழுந்திருக்கும்?"

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க?" என்ற மூக்காயி சிரித்தாள், கண்ணும் கலங்கினாள். அடியில் குருவிக் குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கியிருந்தன. அன்றைய விருந்தில் முதல் மீன் கீழ்வீட்டுக்குப் போனது. குருவிக்கு மீன் ஆகாது என்பதால் அதையும் சங்கனே தின்றான்.

அன்று முதல்தான் கடற்கழுகு பழைய கூட்டை இடிக்காமல், வருடா வருடம் அதன் மேலேயே சுள்ளி அடுக்கிப் பச்சைத் தழை பரப்பிக் குடிபுகுகிறது. அடியில் கீச்சிடும் குருவியை யாரென்று கேட்பதும் இல்லை.