வாட்டம் பார்க்காத வாய்க்கால்

பள்ளக்காட்டில் காத்தாயி என்ற வெள்ளெலி ஆறு குட்டிகள் ஈன்றிருந்தாள். ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை. மழைக்கோ பத்தே நாள்தான் இருந்தது. அந்தக் காடு தாழ்வாகக் கிடந்ததால் ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைத் தண்ணீர் தேங்கி வளைகளுக்குள் இறங்கிவிடும். போன வருஷத்துக் குட்டிகளை அவள் அப்படித்தான் பறிகொடுத்தாள்.

இந்த வருஷம் ஓடைவரை ஒரு வடிகால் வாய்க்கால் வெட்டுவது என்று விலங்குகள் கூடி முடிவெடுத்தன. தோண்டும் வேலை கொம்பையன் என்ற காட்டுப்பன்றிக்குப் போயிற்று. அவன் மூக்கை நுழைத்து ஒரு தள்ளு தள்ளினால் ஒரு வண்டி மண் புரளும். அந்தப் பலத்தைப் பார்த்தே எல்லோரும் வாயைப் பிளந்துவிட்டார்கள்.

பள்ளக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் தலைவர் மயிலார் தம் ஆலமரத்தடியில் முதல் கொத்துக் கொத்த வேண்டும். அங்கிருந்துதான் வேலை தொடங்கும். கூட்டம் நிற்க நிழல் அங்கேதான் இருந்தது. மயிலார் தோகையை விரித்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும்!

“தலைவரே, இங்கே ஆரம்பிக்காதீங்க!” என்று காத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “தண்ணி போய்ச் சேர்ற இடத்துலேருந்து தோண்டிக்கிட்டு வரணும். ஓடை ரொம்பத் தாழ்ந்து போறது கீழ் வளைவுலதான். அங்கே ஆரம்பிச்சு, வாட்டம் பார்த்து மேலே ஏறி வரணும்!”

“வாட்டமா? அது என்ன?” என்றார் மயிலார்.

“சரிவுதான் தலைவரே. தண்ணி நாம சொன்னா போகாது, சரிவு எங்கே இருக்கோ அங்கேதான் போகும்.”

கொம்பையன் வயிறு குலுங்கச் சிரித்தான். “இத்துனூண்டு நகத்தை வச்சுக்கிட்டு எனக்குத் தொழில் சொல்லித் தர்றியா? இந்த மரத்துலேருந்து ஓடைக்கு நேரா ஒரே கோடு! மூணு நாள்ல முடிச்சுக் காட்டறேன்!”

கூட்டம் கைதட்டியது. பக்கத்து வளையில் மூன்று குட்டிகளோடு இருந்த முயலம்மாதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். காத்தாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

முதல் நாள் கொம்பையன் மயிலாரின் கண் முன்னால் ஆள் உயரத்துக்குத் தோண்டினான். இரண்டாம் நாள் இடுப்பளவு. மூன்றாம் நாள் ஓடைக்கரை மேட்டில் சுக்கான் மண் வந்துவிட்டது. கல் மாதிரி இறுகின மண். அங்கே கைதட்டவும் யாரும் இல்லை. பேருக்கு ஒரு முழம் சுரண்டி, கரையை ஓடையோடு திறந்து விட்டுவிட்டு, “வேலை முடிஞ்சது!” என்று வந்துவிட்டான்.

காத்தாயி ஓடைக்கரைக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு நத்தை ஓட்டில் தண்ணீர் மொண்டு வாய்க்காலில் ஊற்றினாள். தண்ணீர் திரும்பி, வளைகள் இருக்கிற பக்கமாக ஓடியது. கொம்பையனை இழுத்து வந்து மறுபடியும் ஊற்றிக் காட்டினாள்.

“பாரு! ஓடையைக் கொண்டுவந்து எங்க வீட்டுக்குள்ள விட்டிருக்கே!”

“அடப்போ! கொஞ்சம் தண்ணி அப்படித்தான் ஓடும். நிறைய வந்தா நேராப் போகும்!”

இப்படி ஒரு பதிலைக் கேட்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது! காத்தாயி மயிலாரிடம் ஓடினாள். அவர் மறுநாள் திறப்பு விழாவுக்காக இறகு கோதிக்கொண்டிருந்தார்.

“நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமாப் பேசாதே, காத்தாயி.”

“உங்களுக்கு உட்கார மரக்கிளை இருக்கு, தலைவரே! தண்ணி உங்க கால்கூட நனைக்காது. மண்ணுக்குள்ள கண் திறக்காத பிள்ளைங்களை வச்சிருக்கிறது நாங்க!”

மயிலார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சும்மா இருடி. உனக்கு அவன் மேல பொறாமை” என்று பக்கத்தில் நின்ற முயலம்மாவும் அதட்டினாள்.

பேசிப் பேசிக் காத்தாயிக்கு வாய்தான் வலித்தது. திறப்பு விழா நடந்துகொண்டிருந்தபோது மேட்டிலிருந்த ஒரு புற்றடியில் புது வளை தோண்டினாள். விழாவின் பாதியிலேயே, இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்த மழை பிடித்துக்கொண்டது.

ஓடை பெருகியது. வாய்க்கால் வழியே வெள்ளம் பள்ளக்காட்டுக்குள் பாய்ந்து வந்தது. கொம்பையன் தோண்டி வாய்க்கால் கரையோரத்திலேயே குவித்து வைத்திருந்த மண் சரிந்து விழுந்து வளைகளின் வாயை அடைத்தது. காத்தாயி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். ஆறாவது குட்டியைத் தூக்கும்போது தண்ணீர் அவள் கழுத்தளவு வந்துவிட்டது. எப்படியோ கரையேறினாள். முயலம்மாவின் மூன்று குட்டிகளில் இரண்டுதான் கரையேறின.

மழை விட்டதும் மயிலார் கிளையிலிருந்தபடியே பேசினார். “இது இயற்கையின் சீற்றம். யாரையும் குறை சொல்ல முடியாது. கொம்பையன் அடுத்த வாரம் இதையே இன்னும் ஆழமாக்குவான்.”

“இயற்கையா?” முயலம்மா கத்திய கத்தலில் காடே அடங்கியது. “மழை எல்லா வருஷமும்தான் வருது. ஓடை எங்க வீட்டுக்குள்ள வந்தது இந்த வருஷம்தான்! அதுக்கு வழி வெட்டினது இவன். அதுக்குக் கை தட்டினது நான். காத்தாயி தொண்டை கிழியக் கத்தினா. அவ வாயை அடைச்சேனே, பாவி!”

யாரும் மயிலாரை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் காத்தாயியின் பின்னால் கீழ் வளைவுக்கு நடந்தார்கள். கொம்பையனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

“நான் என்ன செய்யட்டும்?” என்றான்.

“முதல்ல ஓடைக்கரை மேட்டுல நீ திறந்து விட்ட வாயை மூடு. அப்புறம் இங்கே வா. நான் நிக்கிற இடத்துல தோண்டு, நிறுத்துன்னா நிறுத்து. மண்ணைக் கரையை விட்டுத் தள்ளிப் போடு!”

பத்தடிக்கு ஒரு தரம் காத்தாயி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். சரியாக ஓடினால்தான் அடுத்த பத்தடி. ஐந்தாம் நாள் மறுபடி மழை கொட்டியபோது பள்ளக்காட்டுத் தண்ணீர் சலசலவென்று ஓடையில் போய் இறங்கியது. கொம்பையன் பல்லைக் காட்டிக்கொண்டு காத்தாயியைப் பார்த்தான். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. முயலம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வேலை தெரிந்தவரின் வாயை அடைத்துவிட்டு வெறும் பலத்துக்குக் கைதட்டுகிறவர்கள், தங்கள் வீட்டுக்குத் தாங்களே வெள்ளத்தை அழைத்து வருகிறார்கள்.