டிரம்முக்குள் ஓடிய எஞ்சின்

உப்பாத்துமுனையில் மீனுக்குப் பஞ்சம் வந்ததுண்டு, மடையனுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. அத்தனை பேரிலும் தான் ஒருத்தன்தான் விவரமானவன் என்று தொபியாஸ் நினைத்துக்கொண்டிருந்தான். ஊரும் அதை நம்பியது. ஊரின் யோக்கியதை அவ்வளவுதான்.

அன்று காலை பதினோரு மணிக்கு எதிர்த்தீவில் அவனுக்கு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் போய்ச் சேராத மாப்பிள்ளை அவன். இந்தத் தடவையும் நேரத்துக்கு வராவிட்டால் ஜெனோவாவை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். தொபியாஸுக்கு ஜெனோவா என்றால் உயிர். எட்டு மணிக்கே புதுச்சட்டையும் தாம்பாளமுமாக, கூட்டாளிகள் சில்வெஸ்தரையும் கஸ்பாரையும் இழுத்துக்கொண்டு படகில் ஏறிவிட்டான். படகின் பின்விளிம்பில் மாட்டியிருந்த இருபது வருஷத்துப் பழைய எஞ்சின்தான் மூச்சே விடவில்லை.

மெக்கானிக் வியாகுலம் டவுனில் இருந்தார். டேங்க் மூடியில் ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்துங்கள், உள்ளே காற்று போகணும் என்று போனில் சொன்னார். மூடியையே கழற்றிவிட்டு, கஸ்பார் கன்னம் உப்ப டேங்குக்குள் ஊதினான். பெட்ரோல் வாடையில் அவன் தலை சுற்றி உட்கார்ந்ததும் சில்வெஸ்தர் ஊதினான். மாப்பிள்ளை ஊதினால் சட்டை நாறுமே என்று தொபியாஸ் ஒதுங்கி நின்று, இன்னும் நல்லா ஊதுங்கலே என்று மேற்பார்வை பார்த்தான்.

அடுத்து, பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னார் வியாகுலம். கழற்றினார்கள், துடைத்தார்கள். மறுபடி அழுக்காகிவிடக் கூடாதே என்று கைக்குட்டையில் சுற்றிச் சில்வெஸ்தர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு மூன்று பேரும் மாற்றி மாற்றி ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார்கள். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

மறுபடி போன். பிளக் எங்கே என்று கேட்டார் வியாகுலம். பத்திரமாக இருக்கிறது, பயப்படாதீங்க என்றான் சில்வெஸ்தர். பிறகு அந்த மனுஷன் நிதானமாக, பிளக்கை மாட்டுங்கள், எஞ்சினைக் கரைக்குக் கொண்டுபோய், தண்ணீர் ரொப்பிய டிரம்மில் மாட்டி ஓட்டிப் பாருங்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டுப் போனை அணைத்தே வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பிளக்கைப் பொருத்தி, டிரம்மில் மாட்டி ஓர் இழுப்புதான். எஞ்சின் படபடவென்று ஓடியது. மூன்று பேரும் அதை அணைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

“கடல்ல ஓடல. டிரம்முல ஓடுது. அப்ப கோளாறு எதுல?” என்று கேட்டான் தொபியாஸ்.

“கடல்லதான்,” என்றான் சில்வெஸ்தர்.

“வியாகுலத்தைக் கூப்பிட்டுக் கடலைச் சரிபண்ணச் சொல்லுவோமா?” என்றான் கஸ்பார்.

“அவரு எஞ்சினுக்குத்தானலே மெக்கானிக்கு,” என்று தொபியாஸ் அவனை அடக்கினான். இந்த அறிவுகெட்டவர்களோடு காலம் தள்ளுகிறோமே என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. விவரமானவன் அல்லவா, வழியையும் அவனே சொன்னான். டிரம்மைத் தூக்கிப் படகுக்கு நடுவில் வைத்தார்கள். வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றி, எஞ்சினை டிரம் விளிம்பில் மாட்டி, ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுத்தார்கள். உடனே ஓடியது. படகு கிடுகிடுவென்று ஆடியது, டிரம்முத் தண்ணீர் மூன்று பேர் முகத்திலும் வாரி அடித்தது. என்ன வேகம் பார்த்தாயா என்று தொபியாஸுக்கு ஒரே பூரிப்பு.

கஸ்பார் மட்டும் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். “நம்ம ஊர்க் கரை பக்கத்துலயே நிக்குதேலே?”

“நிக்கல. கூடவே வருது,” என்றான் சில்வெஸ்தர். “மாப்பிள்ளை அழைப்புன்னா சும்மாவா?”

தீவுக்கு நாற்பது நிமிஷம். வாட்சைப் பார்த்து, சரியாக நாற்பதாவது நிமிஷம் தொபியாஸ் எஞ்சினை அணைத்தான். மணி பத்து ஐம்பது. ஜெனோவா தனக்குத்தான் என்று ஈரத் தலையைக் கையால் கோதிக்கொண்டான். சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு தாம்பாளத்தை ஏந்தி இறங்கினான்.

விருந்துச் சமையலுக்காக வீட்டிலேயே தங்கிவிட்ட அவன் அம்மா, எஞ்சின் சத்தம் கேட்டு அகப்பையும் கையுமாக வந்து நின்றாள். தொபியாஸ் பவ்வியமாகக் குனிந்து தாம்பாளத்தை அவளிடம் நீட்டினான்.

“அத்தை, நேரமாகுது. பொண்ணைக் கூப்பிடுங்க.”

அகப்பை அவன் முதுகில் நச்சென்று இறங்கியது. தொபியாஸ் வலியோடு கூட்டாளிகள் பக்கம் திரும்பினான். அவன் முகமெல்லாம் சந்தோஷம்.

“முகம் மட்டுமில்லலே, அடியும் அப்படியே எங்கம்மா அடி. இப்படி ஒரு மாமியாரை விட்டுறக்கூடாது.”