எழாத பசுவும் கொடுத்த வாக்கும்

ஊத்தங்கரைப் பக்கம் மாதையன், சாலம்மாள் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். செங்கல் சூளையில் வேலை. சூளைப் புகையில் சாலம்மாளுக்கு இருமல் நிற்கவே இல்லை. ஒரு கறவை மாடு வாங்கிப் பால் ஊற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று துணிந்தார்கள். அவள் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். மாதையனின் தம்பி சென்னப்பன் தன் ஆடுகளை விற்றுத் தந்தான். அப்படியும் சந்தையில் ஒரு நல்ல மாட்டின் விலைக்குக் கிட்டே வர முடியவில்லை.

பக்கத்து ஊர்ப் பச்சையம்மாள் மகனோடு வெளியூருக்குக் குடிபோக இருந்தாள். தன் சினைப்பசுவைப் பாதி விலைக்கே தருவதாகச் சொன்னாள். அதற்கு ஒரு வாக்குக் கேட்டாள்.

“என்ன ஆனாலும் இதைக் கறிக்கு அனுப்பமாட்டேன்னு சொல்லு. சாகுற வரைக்கும் நீயே வச்சுப் பாக்கணும்.”

மாதையன் பசுவின் நெற்றியில் கை வைத்து வாக்குக் கொடுத்தான்.

கொட்டகைக்கு ஆள் வைக்க வசதியில்லை. அவனே தரைக்குச் சிமெண்ட் பூசினான். மாட்டுக்குச் சொரசொரப்பான தரை வேண்டும் என்பது தெரியாமல், வீட்டுத் தரைபோல் வழவழவென்று பூசிவிட்டான். கன்று ஈன்ற மறுநாள் பசு அந்த ஈரத்தரையில் வழுக்கி, பின்னங்கால்கள் அகன்று விழுந்தது. எழவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து தடவிப் பார்த்தார். “இடுப்பெலும்பு போயிருச்சுப்பா. இனிமே எந்திரிக்காது. வலிக்கு ஊசி போடலாம், அவ்வளவுதான்.”

சென்னப்பன் அன்றே அடிமாட்டு வியாபாரி ஒருவரை வண்டியோடும் ஆட்களோடும் கூட்டிவந்தான். “அண்ணா, உயிரோட இருந்தாத்தான் வெல. இதை வச்சு ஒரு கிடாரியாவது வாங்கலாம். அண்ணியை மறுபடி சூளைக்கா அனுப்பப்போற?”

வந்தவர்கள் கால்களில் கயிறு கட்டி இழுத்தார்கள். பசு கதறியது. மாதையன் ஓடிவந்து கயிற்றை அறுத்தான். “வாக்குக் குடுத்திருக்கேன்டா. போகச் சொல்லு.”

அதன்பின் அவனே பசுவுக்குப் பணிவிடை செய்தான். வைக்கோல் பரப்பினான், புரட்டிப் படுக்க வைத்தான், கஞ்சி ஊற்றினான். ஆனாலும் கிடந்த பக்கமெல்லாம் புண்ணாகியது. புண்ணில் புழு வைத்தது. அவன் சற்று அகன்றால் காக்கைகள் வந்து கொத்தின. மடி வற்றியது. கன்று அக்கம்பக்கத்தார் கொடுத்த பாலில் உயிர் பிடித்துக்கொண்டிருந்தது.

சாலம்மாள் கணவனிடம் கெஞ்சினாள். “ஏங்க, அது கண்ணைப் பாருங்க. டாக்டர் சாரை வச்சு ஊசி போட்டு அனுப்பிடலாம்.”

“என் கையாலயே அதைக் கொல்லச் சொல்றியா?” என்றான் மாதையன்.

ஒரு பகலில் அவன் பச்சைத்தீவனம் அறுக்கப் போயிருந்தான். சாலம்மாள் மருத்துவரை அழைத்தாள். குணமாகாத மாட்டுக்கு அப்படிச் செய்யலாம் என்றும், வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் என்றும் அவர் சொன்னார். “நானும் வீட்டுக்காரிதான் சார்” என்றாள் அவள். பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி ஏறியதும் அது ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

கறி விலையும் போயிற்று, பாலும் போயிற்று. வளர்ந்தபின் பாதிப் பங்கு என்று பேசி, கன்றை வாரத்துக்கு வேறொரு வீட்டில் விட்டார்கள். கணவனும் மனைவியும் சூளைக்கே திரும்பினார்கள். மாதையன் அவளிடம் பேசுவதில்லை. சென்னப்பன் அவர்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

கேட்டவர்களே, தம்பி குடும்பத்தின் வயிற்றைப் பார்த்தான். அண்ணன் வாக்கைப் பார்த்தான். சாலம்மாள் வலியைப் பார்த்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சாலம்மாள் செய்ததே சரி. சென்னப்பன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் உடைந்த இடுப்போடு இழுபடப்போவது அவன் அல்ல. மாதையன் வாக்கைச் சொல்லுக்குச் சொல் காத்தான். அதன் விலையைப் பசு கொடுத்தது. பச்சையம்மாள் வாக்குக் கேட்டதே அந்த உயிர் வதைபடக் கூடாது என்றுதான். அந்த எண்ணத்தைக் காப்பாற்றியவள் சாலம்மாள் ஒருத்தியே. ஆனால் அவளிடமும் ஒரு பிழை உண்டு: அவன் இல்லாத நேரம் பார்த்துச் செய்தாள். எதிரில் நின்று செய்திருந்தால் அவன் கத்தியிருப்பான், ஒருவேளை அழுதும் இருப்பான். அந்த அழுகைக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. சரியானதைச் செய்துவிட்டோம் என்று அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என மட்டும் எண்ணிவிட வேண்டாம்.