நடுங்கும் கையில் டெஸ்டர்

சகாயமேரி பையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

பயிற்சி மையத்தில் கொடுத்த நீலச் சட்டை, ஸ்பேனர்கள், டெஸ்டர் எல்லாம் அதற்குள் இருந்தன. மறுநாள் செய்முறைத் தேர்வு. தேறினால் ஏசி பழுதுபார்க்கும் உரிமம்.

இதாயத்துல்லா அங்கே ஆசிரியர். அவளைவிட வயதில் நன்றாக இளையவர். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை அக்கா என்பார்.

"என்னக்கா இது?"

"நான் பரீட்சைக்கு வரலை சார்."

அவர் காரணம் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

போன வாரம், வகுப்பிலேயே கெட்டிக்காரனான சுடலைமுத்து, சுவிட்சை அணைத்துவிட்ட தைரியத்தில் கபாசிட்டரைத் தொட்டுவிட்டான். கரண்டை நிறுத்திய பிறகும் கொஞ்சத்தைத் தனக்குள் பிடித்துவைத்திருக்கும் சாமான் அது. அவனைத் தூக்கி எறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கை வெந்துபோனது.

பக்கத்தில் நின்றிருந்த சகாயமேரிக்கு அன்று பிடித்தது கை நடுக்கம். இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கிடந்து வருஷக்கணக்காக இறால் உரித்த கை அது. அங்கே ஒரு நாளும் நடுங்கியதில்லை. கம்பெனியை மூடிய பிறகு, இனி இதுதான் பிழைப்பு என்று நம்பி இந்த வேலைக்கு வந்தாள். இப்போது ஒரு நட்டைத் திருப்பப் போனால்கூட ஸ்பேனர் நழுவி விழுகிறது.

"இந்தப் பயம் எப்ப சார் போகும்?"

இதாயத்துல்லா ஏணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பையைப் பொறவு கொடுக்கலாம். ஒரு வேலை வந்திருக்கு. கூட வாங்க."

கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை. கிறிஸ்துமஸ் கூட்டம். ஏசி நின்று போயிருந்தது. சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம் பாருங்க சார். ஆளுங்க எந்திரிச்சுப் போறாங்க," என்றார் மேனேஜர்.

இதாயத்துல்லா சுவிட்ச் போர்டைத் திறந்து, 'மாடி ஏசி' என்று எழுதியிருந்த சுவிட்சைத் தன் கையாலேயே இறக்கினார். யாரும் தொடாமலிருக்கப் பூட்டும் போட்டார். மூவரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். நல்ல வெயில். வெளியே வைக்கும் யூனிட்டின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே வயரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"சார், இருங்க."

அவர் கை நின்றது.

"நான்தான்க்கா இறக்கினேன். பூட்டும் போட்டாச்சு."

"பாத்தேன் சார். இருந்தாலும் ஒருதரம் வச்சுப் பாத்துக்கிறேனே."

பையிலிருந்து, கரண்ட் இருந்தால் எரியும் அந்த டெஸ்டரை எடுத்தாள். கை நடுங்கியது. நுனி வயரில் பட்டு விலகிப் பட்டு விலகி, கடைசியில் ஒட்டி நின்றது.

டெஸ்டர் எரிந்தது.

மேனேஜர் சிரித்துவிட்டார். "அந்த அம்மாவுக்குக் கை ஆடுது. அதுலதான் எரியுது. நீங்க வேலையைப் பாருங்க சார்."

சகாயமேரிக்குமே அப்படித்தான் தோன்றியது. வெட்கமாக இருந்தது. இரண்டு கையாலும் டெஸ்டரை இறுக்கிப் பிடித்து மறுபடி வைத்தாள்.

மறுபடி எரிந்தது.

இதாயத்துல்லா மெல்ல எழுந்து கீழே போனார். சகாயமேரி அந்தத் திறந்த யூனிட்டுக்குக் காவல்போல நின்றாள். மேனேஜர் எட்டிப் பார்க்கக் குனிந்தபோது, "தள்ளி நில்லுங்க," என்று அதட்டினாள்.

கீழே விஷயம் தெரிந்தது. போர்டில் பெயரை மாற்றி எழுதியிருந்தார்கள். அவர் இறக்கிப் பூட்டியது மாடி குடோனின் லைட்டை.

சரியான சுவிட்சை இறக்கிவிட்டு மேலே வந்தார். அவள் கையிலிருந்த டெஸ்டரைக் காட்டி, "வைங்க," என்றார். இம்முறை எரியவில்லை. அதன் பிறகும் கபாசிட்டரில் மிச்சமிருந்ததை வடித்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார். கருகியிருந்த ஒரு வயரை மாற்றினார்கள். கீழே ஏசி ஓடத் தொடங்கியதும் யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து இதாயத்துல்லா பாட்டிலைத் திறந்தார். வாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் சட்டையில் சிந்தியது. மறுபடி தூக்கினார். மறுபடி சிந்தியது.

சகாயமேரி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், உங்களுக்குமா?"

அவர் பாட்டிலை மூடி வைத்தார். "நாளைக்கு ஒம்பது மணிக்கே வந்துருங்க," என்றார்.

மறுநாள் அவள் போனாள். தேர்வில் ஒரு ஸ்பேனரை இரண்டு முறை கீழே போட்டாள். தேர்வு எடுத்தவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேறிவிட்டாள்.

உரிமம் வந்ததும் வாங்கிக்கொள்ள மையத்துக்கு வந்தாள். அட்டையில் தன் போட்டோவைப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிளம்பாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னக்கா?"

"நாளைக்கு மொத வேலை சார். தனியாப் போறேன். உரிமம் வந்தா சரியாயிடும்னு நெனச்சேன். பயம் அப்படியேதான் இருக்கு."

இதாயத்துல்லா ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அது போயிருச்சுன்னு தோணுற அன்னைக்கு எனக்கு ஒரு போன் பண்ணுங்கக்கா," என்றார். "அன்னைக்கு நீங்க வீட்ல இருங்க. உங்க வேலைக்கு நான் போறேன்."