இரும்பு நரியும் உடும்பின் தீர்ப்பும்

அல்லிக் குளத்தங்கரையில் ஓர் உடும்பு இருந்தது. பிடித்தால் விடாது. பேச்சிலும் அப்படித்தான்.

குளத்துக்கு எதிரே வழவழப்பான கரும்பாறை. அந்தி சாய்ந்ததும் மின்மினிகள் அதன்மேல் கூட்டமாகப் பறந்து, தங்கள் ஒளியாலேயே படம் காட்டும். அவற்றில் பேர்போனது 'இரும்பு நரி'. கடல் கடந்து வந்த நாரைகள் சொன்ன கதை அது. விளக்குப் பலகைகள் மின்னும் மழை நகரத்தில், உடம்பெல்லாம் இயந்திரமாகிப்போன ஒரு நரி, "உள்ளே இருக்கும் உயிராவது என்னுடையதா?" என்று தேடி அலையும். உடும்பு அதைக் குட்டியாக இருந்தபோது ஒரே ஒருமுறை பார்த்திருந்தது. இன்னொரு தடவை பார்க்காமல் சாகமாட்டேன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும்.

இளம் மின்மினிகள் அதே கதையைப் புதிதாக எடுப்பதாகச் செய்தி வந்தது.

"குப்பை!" என்றது உடும்பு.

"இன்னும் காட்டவே இல்லையே, அண்ணே!" என்றது தவளை.

"காட்டினால்தான் தெரியணுமா? பழசோட கால் தூசிக்குக் காணாது!"

உடும்பு சொன்னால் காடே தலையாட்டும். இனி யார் பார்க்க வருவார்கள் என்று இளசுகள் அழுதன. பழைய படத்தில் பறந்த கிழ மின்மினி, "கண்ணைத் துடைங்க. நாளைக்கு நாங்க பார்த்துக்கிறோம்" என்றது.

மறுநாள் அந்தியில் பாறை ஒளிர்ந்தது. புதுப் படத்தைக் குறை சொல்லவே உடும்பு வந்து உட்கார்ந்தது.

"வாலைப் பாரு! விட்டுவிட்டு மின்னுது. பழசுல தீப்பந்தம் மாதிரி இருக்கும்!"

"இதெல்லாம் மழையா? பழசுல நாமளே நனைஞ்சிடுவோம்!"

நரி பாலத்தில் நின்று வெகுநேரம் பேசாமல் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தது. குளமே மூச்சடக்கியது. உடும்பு மட்டும் கொட்டாவி விட்டது.

"ஒரே ஜவ்வு! பழசுல இந்த இடம் வந்தா கண்ணீர் கொட்டும்."

"எனக்கு இப்பவே கொட்டுது, அண்ணே! கொஞ்சம் வாயை மூடுங்களேன்!" என்றது தவளை.

படம் முடிந்ததும் உடும்பு பாறைமேல் ஏறியது. "பழசைக் கெடுத்துட்டீங்களே, பாவிகளா!"

கிழ மின்மினி தள்ளாடிப் பறந்து வந்தது. "இதுதாம்ப்பா பழசு! அன்னைக்குப் பறந்த நாங்களேதான் பறந்தோம். ஒரு பொட்டு வெளிச்சம்கூட மாத்தலை. அந்த வாலுல பறந்தது நான். எனக்கு அப்பவே ஒரு இறக்கை நொண்டி!"

குளம் முழுக்கச் சிரிப்பு. உடும்பின் முகம் சுண்டிப்போனது.

"ஐயா, இன்னொரு தடவை காட்டுங்க! வாயே திறக்கமாட்டேன்!"

"எங்க வெளிச்சம் அவ்வளவுதாம்ப்பா. கடைசியா உனக்காகத்தான் பறந்தோம்."

உடும்பு அழுதேவிட்டது. இத்தனை வருஷம் ஏங்கியது கண்ணெதிரே வந்து போய்விட்டதே!

அடுத்த அந்தியில் இளசுகளின் படம். முதல் ஆளாக முன்வரிசையில் போய் உட்கார்ந்தது உடும்பு.

"பழசுல இந்த இடம்..." என்று தவளை ஆரம்பித்தது.

"சும்மா இருடா! படம் பார்க்க விடு!"

ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவர் புதியதைப் பார்ப்பதில்லை. பழையதே எதிரில் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாமல் இழந்துவிடுகிறார்.