குளம் வெட்டிய வம்சம்

திருவிழாவில் முதல் மரியாதைக்கு ஆசைப்பட்ட பேரூராட்சித் தலைவர் தாண்டவராயன், குளக்கரையில் டீக்கடை வைத்திருந்த செல்லக்கிளியைக் கூப்பிட்டார்.

"இந்தக் குளத்தை வெட்டினது என் பாட்டன்னு ஊரே பேசணும். இல்லேன்னா உன் கடை இருக்காது."

"பேச வச்சிட்டாப் போச்சுங்க."

டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள். வெட்டின வம்சம்தான் தூர்வார வேண்டும் என்ற ஊர் வழக்கத்தையும் சேர்த்தே சொன்னாள்.

மறுவாரம் மண்வெட்டி, கூடையோடு ஊர் அவர் வாசலில் நின்றது. தலைவர் கொல்லைப்புறமாக வெளியேறிக் கடைக்கு ஓடிவந்தார்.

"என் பாட்டன் வெட்டலேன்னு சொல்லித் தொலை, தாயி."

"சொல்றேங்க. ஆனா ஒரு நாள்ல நம்பமாட்டாங்க. வருஷக்கணக்கா சொல்லணும். அதுக்குக் கடை இங்கயே இருக்கணுமே."

தலைவர் பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டார்.